மஞ்சள் பையில் வந்த பாட்டில்

எங்கள் தெருவில் அவரைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டுக் கேட்டதில்லை. ‘இன்னொருக்கா அக்கா’ என்றால் டீக்கடைக்காரரிலிருந்து மில்லில் ஷிப்டு முடிந்து வருகிறவர் வரைக்கும் வழி காட்டுவார்கள். ராஜபாளையம் பழைய பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு ரத்தப் பரிசோதனை லேப். அதில் ஊசி குத்துகிறதும், கண்ணாடிக் குழாயைச் சுற்றுகிறதும், காகிதம் எழுதிக் கொடுக்கிறதும் அவர் ஒருவர்தான். அதற்கு அடுத்த கடை என்னுடைய ஜெராக்ஸ் கடை. நடுவில் ஒற்றைச் செங்கல் சுவர். அந்தச் சுவர் வழியாக ஒன்பது வருடம் அவர் குரலைக் கேட்டிருக்கிறேன். ஒரு நாளைக்கு நாற்பது தடவையாவது வரும். “யாருது?” பிறகு, “இன்னொருக்கா சொல்லுங்க.”

எனக்குப் பள்ளிக்கூடம் எட்டாம் வகுப்போடு சரி. மிச்சப் படிப்பெல்லாம் ஜெராக்ஸ் எடுக்க வந்த காகிதமும், வந்தவர்கள் வாயில் வந்த பேச்சும்தான். நல்ல பேச்சு ஒன்று காதில் விழுந்தால் வீணாய்ப்போன தாளின் பின்பக்கத்தில் குறித்து வைப்பேன். அப்படிச் சேர்த்த தாள்களில் பாதிக்கு மேல் அந்தச் சுவருக்கு அப்பால் இருந்து வந்தவை.

ஊசி குத்துவதற்கு முன்னால் பெயர் கேட்பார். குத்தி முடித்துக் குழாயில் எழுதும்போது மறுபடியும் கேட்பார். காகிதத்தைக் கையில் கொடுக்கும்போது இன்னொரு தடவை. ஆட்கள் சலித்துக்கொள்வார்கள்.

“ஏம்மா, வெளிய போயி வாரதுக்குள்ள பேர மாத்திட்டா வரப்போறேன்?”

“மெஷினுக்கு ஆளு தெரியாதுண்ணாச்சி. குடுத்தத எண்ணிச் சொல்லும், அம்புட்டுதான். ஆளு தெரிய வேண்டியது நான்.”

ஒல்லியான உடம்பு. ஐம்பதைத் தாண்டிய வயது. கழுத்தில் கயிறு கட்டித் தொங்கும் கண்ணாடி. வெள்ளைக் கோட்டின் பையில் பேனா மை கசிந்து ஒரு நீலத் தீவு. ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து நேராக வந்து லேபைத் திறப்பார். அந்த ஒரு நாள் மட்டும் ஸ்பிரிட் வாடைக்கு மேலே மல்லிகை வாடை இருக்கும். வயசாளிகள் வந்தால் ஊசியைத் தொடமாட்டார். முதலில் அவர்கள் விரலைத் தன் இரண்டு உள்ளங்கைக்குள் வைத்துச் சூடு பண்ணுவார். “குளுந்த கையில ரத்தம் ஒளிஞ்சுக்கிடும்” என்பார்.

ஒரு நாள் நூல் மில்லிலிருந்து இரண்டு மாரியப்பன்கள் ஒரே நேரத்தில் வந்தார்கள். இரண்டு பேருக்கும் அப்பா பெயர் மாடசாமி. வயதும் ஒன்று. அக்கா யோசித்துவிட்டு ஒரு குழாயில் ‘மீசை உண்டு’, இன்னொரு குழாயில் ‘மீசை இல்லை’ என்று எழுதிவிட்டார். மறுநாள் காகிதம் வாங்க வந்தவர்களில் இரண்டு பேருக்குமே மீசை இல்லை. மீசைக்கார மாரியப்பனின் மாமனார் ராத்திரி தவறிப்போய்விட்டாராம், சடங்குக்கு மழித்திருந்தார். அக்கா அசரவில்லை. இரண்டு பேரையும் உட்கார வைத்து, யாருக்குக் கையில் எங்கே குத்தினேன் என்று ஊசித் தடத்தைப் பார்த்துப் பிரித்துக் கொடுத்தார். அதற்குப் பிறகும் திருப்தி வராமல், இரண்டு பேரிடமும் புதிதாக ஒரு சொட்டு வாங்கி இன்னொரு தடவை பார்த்துவிட்டுத்தான் விட்டார். “துக்க வீட்டுக்காரன ரெண்டு தடவ குத்துத தாயி” என்று மீசையை மழித்த மாரியப்பன் முனகியது எனக்குச் சுவர் வழியாகக் கேட்டது.

தேவதானத்திலிருந்து ஒரு சம்சாரி மூன்று மாதத்துக்கு ஒரு தடவை சர்க்கரை பார்க்க வருவார். ஒவ்வொரு தடவையும் எண் அழகாக இருக்கும். கால் புண் மட்டும் ஆறவே ஆறாது. அக்கா கேட்டார்.

“அண்ணாச்சி, இங்க வாரதுக்கு முன்னால நாலு நாள் என்ன சாப்பிட்டிய?”

“பாவக்கா சாறும் மோரும்.”

“இன்னொருக்கா சொல்லுங்க. மத்த நாள்?”

“மத்த நாளு… மத்த நாளு மாதிரிதான்.”

“பரீட்சைக்குப் படிச்சிட்டு வாரிய. நான் என்ன மார்க்கா போடுதேன்? பாஸாகணும்னு வராதிய அண்ணாச்சி. இருக்கிற மாதிரி வாங்க.”

இது அவர் அடிக்கடி சொல்கிற பேச்சு. இன்னொன்றும் உண்டு: “ஒருக்கா கேட்டா வாய் பதில் சொல்லும். ரெண்டாந்தடவ கேட்டாத்தான் மனசு சொல்லும்.”

ஏன் இப்படி எதையும் இரண்டு தடவை கேட்கிறீர்கள், முன்னால் ஏதாவது கெட்டது நடந்ததா என்று ஒரு நாள் நானே கேட்டேன். பெரிய கதை ஒன்று வரும் என்று தாளும் பேனாவுமாக உட்கார்ந்தேன். “ஒரு மண்ணும் இல்லலே. எங்க வீட்ல அம்புட்டுப் பேருக்கும் காது மந்தம். எதையும் ரெண்டு தடவ சொல்லி, ரெண்டு தடவ கேட்டு வளந்தாச்சு” என்று சொல்லிவிட்டுக் குழாய் கழுவப் போய்விட்டார்.

இந்த மனுஷியிடம்தான் என் மாமியார் ஒரு மஞ்சள் பையோடு வந்து சேர்ந்தார்.

என் மனைவி கோதைக்கு ஊர் ஸ்ரீவில்லிபுத்தூர். முதல் பிள்ளை. ஒன்பதாம் மாதம் பிறந்த முதல் ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் வளைகாப்பு நடந்தது. அக்காவும் வந்து இரண்டு கைக்கும் கண்ணாடி வளையல் போட்டுவிட்டார். சாயங்காலம் அத்தை, அதாவது என் மாமியார், தன் மகளைத் தாய்வீட்டுக்குக் கூட்டிப் போகக் கிளம்பும்போது என் அம்மா வாசலில் நின்று, “எட்டு மாசம் ஒரு குறையில்லாம நாங்க பாத்துக்கிட்டோம். இனிமே உங்க பாடு, மதினி” என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் அத்தையின் முகம் சிரிக்கவில்லை. கணவர் போன பிறகு ஒற்றை ஆளாக மகளை வளர்த்துக் கட்டிக்கொடுத்தவர் அவர். யாரும் ஒரு சொல் சொல்லிவிடக்கூடாது என்பதிலேயே வாழ்ந்தவர்.

திங்கட்கிழமை அவர்கள் தெருவுக்குப் பக்கத்துச் சுகாதார நிலையத்தில் நர்சம்மா கோதைக்கு பிரஷர் பார்த்திருக்கிறார். கொஞ்சம் கூடுதல். சிறுநீரில் லேசாக உப்பு. எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வது. புரதம் என்று யாரும் சொல்வதில்லை. “நாளைக்கே ரத்தமும் யூரினும் லேபுல குடுத்துப் பாருங்க. உப்பு கூடியிருந்தா ஆஸ்பத்திரியில சேத்துரணும்” என்று சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டார்.

செவ்வாய்க்கிழமை காலை அம்மாவும் மகளும் பஸ் பிடித்து ராஜபாளையம் வந்தார்கள். அக்கா இருக்கும்போது வேறு லேபுக்குப் போவானேன் என்று நான்தான் வரச் சொன்னேன். ரத்தம் எடுக்க வளையலை ஒதுக்கப் போன அக்கா கையை நிறுத்தினார்.

“ஏட்டி, ஞாயித்துக்கெழம நான் போட்டுவிட்ட வளையல் செவ்வாக்கெழம நகர மாட்டேங்குதே.”

“மாசமா இருந்தா கை கால் ஊதத்தான செய்யும்” என்றார் அத்தை. பிறகு மஞ்சள் பைக்குள்ளிருந்து துணி சுற்றிய ஒரு பழைய இருமல் மருந்து பாட்டிலை எடுத்து மேசையில் வைத்தார். “காலையில மொத மொதல்ல போனது. கையோட புடிச்சுக் கொண்டாந்துட்டேன்.”

“யாருது?”

“இதென்ன கேள்வி? எம் மகளுது.”

“இன்னொருக்கா சொல்லுங்க மதினி.”

“எம் மக கோதையோடது.”

அத்தை கண்ணைக்கூட இமைக்கவில்லை. அக்கா பாட்டிலில் பெயர் எழுதிக்கொண்டார். அவர்கள் அடுத்த பஸ்ஸில் ஊருக்குப் போய்விட்டார்கள்.

மதியம் சுவரில் தட்டும் சத்தம் கேட்டது. அக்கா அப்படிக் கூப்பிட்டதில்லை.

“ஏலே, செத்த நேரம் கடையச் சாத்திட்டு வா.”

போனேன். மேசையில் இரண்டு காகிதம்.

“உக்காரு. இது உம் பொண்டாட்டி ரத்தம். இது உம் பொண்டாட்டி யூரின்னு சொல்லி வந்தது. ரெண்டும் ஒரே ஆளுதுன்னு எனக்குத் தோணல.”

“மாத்திட்டீங்களாக்கா?”

“அதத்தான் மொதல்ல பாத்தேன். எங்கையில தப்பு இருக்கான்னு ரெண்டு தடவ புதுசா போட்டுப் பாத்துட்டேன். இல்ல.” ரத்தக் காகிதத்தை என் பக்கம் திருப்பினார். “இந்த யூரிக் ஆசிட் அஞ்சாம் மாசம் நான் எடுக்கும்போது மூணு சொச்சம். மாசமா இருக்கவளுக்கு அது எறங்கித்தான் நிக்கும். இப்ப ஆறரை. லிவர்ல வார எண்ணு ரெண்டு மடங்கு. கொழுப்பு எகிறிக் கெடக்கு. பிளேட்லெட் எறங்கியிருக்கு. இப்படி ரத்தம் இருக்கவளுக்கு யூரின்ல பெரும்பாலும் உப்பு கொட்டும். இந்த பாட்டில்ல ஒரு பொட்டு இல்ல. நேத்து நர்சம்மா பாத்த லேசான உப்புகூட இல்ல.”

“அது நல்லதுதானக்கா?”

“கேளு. உப்பு இல்ல, ஆனா சர்க்கரை நாலு பிளஸ். ரத்தத்துல சர்க்கரை வெறும் எண்பத்தெட்டு. மாசமா இருந்தா லேசா சர்க்கரை எறங்கும், அது வேற. இது பாகு காச்சுற அளவுல இருக்கு. ரத்தம் ஒரு ஊர்ல நிக்கி, யூரின் ஒரு ஊர்ல நிக்கி. ரெண்டு ஊருக்கும் நடுவுல பஸ்ஸே கெடையாது.”

எனக்குப் பாதிதான் விளங்கியது. “நர்சம்மா பிரஷர் கொஞ்சம்தான் கூடுதல்னு சொன்னாங்க” என்றேன்.

“பிரஷர்ங்கது வாசல்ல நிக்கிற ஆளு தம்பி. உள்ள ஈரல், கிட்னி, கொழுப்பு, ரத்தம் உறையிறதுன்னு ஒரு கூட்டமே கலஞ்சு கெடக்கும். வாசல்ல நிக்கிறவன் சாதுவா இருக்கான்னு திரும்பிரக் கூடாது. கோதையப் பாக்குற டாக்டரம்மாகிட்ட பேசிட்டேன். யூரின் எப்படி இருந்தாலும் இந்த ரத்தத்துக்கே இன்னிக்கே சேக்கணும்னுட்டாவ.”

ஸ்பீக்கரில் அத்தைக்குப் போன் போட்டார்.

“மதினி, கோதை என்ன செய்தா?”

“படுத்திருக்கா. யூரின்ல உப்பு இருக்கா?”

“இந்த பாட்டில்ல இல்ல.”

“பொறவு என்ன? நாலு நாள் கழிச்சுக் கூட்டிட்டு வாரேன்.”

“தலை வலிக்கின்னாளா?”

“வெயில்ல பஸ்ல வந்தா வலிக்காம என்ன செய்யும்? வைக்கேன்.”

மறுபடி போட்டார். எடுக்கவில்லை. அக்கா கோட்டைக் கழற்றாமலே பையை எடுத்துக்கொண்டார். பிரஷர் மெஷின், இரண்டு கண்ணாடிக் குழாய், ஒரு சிறிய புட்டி ஆசிட், விரலில் குத்திச் சர்க்கரை பார்க்கிற கருவி. லேபைப் பூட்டினார். வேலை நாளில் அவர் லேபைப் பூட்டி நான் பார்த்தது அன்றைக்கு ஒரு நாள்தான்.

என் பைக்கில் பின்னால் உட்கார்ந்து வந்தார். இடப்பக்கம் மலை கூடவே வந்தது. மடவார்வளாகம் தாண்டினோம். எனக்குத் தாங்கவில்லை.

“பயப்படணுமாக்கா?”

“பொறவு பயப்படலாம். இப்ப ரோட்டப் பாரு.”

வீட்டில் கோதை பாயில் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். நெற்றியில் ஈரத்துணி. “கண்ணுல மினுக்கு மினுக்குன்னு பூச்சி பறக்குதுக்கா. நெஞ்சுக்குழி வலிக்கி” என்றாள். வாயு என்று சொல்லி அத்தை ஓமத்தண்ணீர் கொடுத்திருந்தார். அடுப்பில் பார்லி கொதித்துக்கொண்டிருந்தது. அக்கா பிரஷர் பார்த்தார். நூற்றெழுபது என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டு, என்னிடம் நூற்றியெட்டுக்குப் போன் பண்ணச் சொன்னார்.

“எதுக்கு ஆம்புலன்சு? அதான் உப்பு இல்லன்னு நீங்களே சொன்னியளே” என்று அத்தை அடுக்களை நிலையில் குறுக்கே நின்றார். “கால் வீங்குனா சுகப்பிரசவம்னு பெரியவுக சொல்லுவாக. உப்பக் கொறச்சு நாலு நாளைக்கு பார்லி குடுத்தா வத்திரும். வளைகாப்பு முடிஞ்சு மூணாம் நாளு பிள்ளைய ஆஸ்பத்திரியில போட்டா சம்பந்தி வீட்ல என்ன சொல்லுவாக?”

சொலவடை என்றால் உயிரை விடுகிறவன் நான். அன்றைக்குத்தான் ஒரு சொலவடையின் மேல் எனக்குக் கோபம் வந்தது. வாயைத் திறக்கப் போனேன். அக்கா கையைக் காட்டி நிறுத்தினார். அத்தையிடம் சண்டை போடவில்லை. குரலைக்கூட உயர்த்தவில்லை.

“மதினி, காலையில நீங்க குடுத்த பாட்டிலுக்கு உரியவுக யாரோ, அவுகளுக்குச் சர்க்கரை ரொம்ப இருக்கு. அவுகளுக்கே தெரியாது போல. இப்படியே விட்டா கண்ணு போவும், காலு போவும். அது கோதை இல்ல. யாருன்னு சொன்னியன்னா அவுகளயும் பாத்துருவோம்.”

அத்தை அக்காவையே பார்த்தார். அடுப்பைப் பார்த்தார். பிறகு சன்னமாகக் கேட்டார்.

“எம்புட்டு?”

“என்ன மதினி?”

“சர்க்கரை. எம்புட்டு இருக்கு?”

கோதை பாயில் இருந்து தலையைத் தூக்கினாள். “அம்மா, என்னம்மா செஞ்ச?”

“நீ குடுத்ததக் கீழ ஊத்திட்டேன் தாயி. நாலு நாள் தவண கெடைக்கும்னு நெனச்சேன். நாலே நாளு.”

ஆம்புலன்ஸ் வர இருபது நிமிடம் ஆகும் என்றார்கள். அந்த இருபது நிமிடத்தையும் அக்கா வீணாக்கவில்லை. கோதையிடம் புதிதாக வாங்கிய சிறுநீரைக் கண்ணாடிக் குழாயில் ஊற்றி, அத்தையின் அடுப்பிலேயே இடுக்கியால் பிடித்துக் காட்டினார். தெளிவாக இருந்தது சூடேறியதும் மேல்பாதி வெள்ளையாகத் திரிந்தது. ஒரு சொட்டு ஆசிட் விட்டார். வெள்ளை கலையவில்லை, இன்னும் கெட்டியானது.

“உப்புன்னு சொல்லுதோமே, அது உப்பே இல்ல மதினி. உப்புன்னா கரையும். இது முட்டை வெள்ளக்கரு மாதிரி ஒறையுது பாருங்க. ரத்தத்துல நிக்க வேண்டிய சத்து கிட்னி வழியா ஒழுகுது. பார்லி குடிச்சோ உப்பக் கொறச்சோ இத நிறுத்த முடியாது. பிள்ளையும் நஞ்சுக்கொடியும் வெளிய வந்தாத்தான் நிக்கும்.”

அத்தை குழாயைப் பார்த்தார். பிறகு பார்லிப் பாத்திரத்தை இறக்கிக்கொண்டு போய்ச் சாக்கடையில் ஊற்றிவிட்டு, மகளின் சேலை இரண்டைப் பையில் வைத்தார்.

ஊர் ஆஸ்பத்திரியில் வலிப்பு வராமலிருக்க ஊசி போட்டு, பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அங்கே குளுக்கோஸ் ஏற்றக் கையில் இடம் வேண்டும், வளையலைக் கழற்றுங்கள் என்றார்கள். சோப்புப் போட்டும் வரவில்லை. பிள்ளை பிறக்கும் முன்னால் வளைகாப்பு வளையலை எடுக்கக்கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். யார் செய்வது என்று நாங்கள் முழித்தபோது, அத்தைதான் தன் முந்தானையை மகள் கையில் சுற்றி, ஒவ்வொன்றாக அழுத்தி உடைத்தார். ஒரு கீறல் விழவில்லை.

மறுநாள் காலை ஆபரேஷனில் பெண் பிள்ளை பிறந்தது. இரண்டு கிலோவுக்குக் கொஞ்சம் கம்மி. “இன்னும் ரெண்டு நாள் போயிருந்தா ரெண்டு பேரையும் பத்திப் பேசுறது கஷ்டம்” என்று அங்கிருந்த டாக்டர் என்னிடம் சொன்னார். வெளியே பெஞ்சில் அக்கா அத்தையின் விரலைச் சூடு பண்ணிக் குத்திப் பார்த்தார். முந்நூற்று எண்பது. “நாலு நாள் தவண கேட்டியள்ல. உங்களுக்குத் தவணையே இல்ல, இன்னிக்கே மாத்திரை” என்றார்.

பிள்ளையைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்து ஆறாம் நாள் கோதையிடம் கொடுத்தார்கள். அன்றைக்கு அக்கா இரண்டு சாத்துக்குடியோடு வந்தார். அத்தை பேத்தியை எடுத்து நீட்டினார். அக்கா கையை நீட்டவில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு பிள்ளையின் காலில் கட்டியிருந்த பட்டையைப் படித்தார். கட்டிலுக்குப் போய்க் கோதையின் மணிக்கட்டுப் பட்டையைப் படித்தார். திரும்பி வந்து காலை மறுபடி பார்த்தார். பக்கத்துக் கட்டில்காரர்கள் எல்லாரும் வேடிக்கை பார்த்தார்கள்.

“கேளுங்க மதினி” என்றார் அத்தை. “யாருதுன்னு கேளுங்க. இந்தத் தடவ நெசத்தச் சொல்லுதேன்.”

“யாருது?”

“எம் மகளுது.”

அக்கா பிள்ளையை வாங்கிக்கொண்டார். அதற்கு மேல் கேட்கவில்லை.

ஆனால் கோதையை அவர் விடவில்லை. பிரஷர் இறங்கி நாங்கள் மூட்டை கட்டும்போது சொன்னார்: “பிள்ள வெளிய வந்துருச்சு, எல்லாம் முடிஞ்சுதுன்னு போயிராத. இந்த ஒடம்பு ஒரு தடவ தடம் மாறிக் காட்டியிருக்கு. இப்படி வந்தவளுகளுக்குப் பின்னாடி பிரஷரு, சர்க்கரை, நெஞ்சு வியாதி வர வாய்ப்பு மத்தவளுகள விடக் கூட. வருசம் ஒரு தடவ எங்கிட்ட வந்து நிக்கணும்.” எந்தத் தேதி என்றால் மறந்துவிடுவாள் என்று அவரே தேதியும் குறித்தார்: பிள்ளையின் பிறந்தநாள். அதனால் எங்கள் வீட்டில் மகளுக்குப் பிறந்தநாள் என்றால் காலையில் முதல் ஊசி அம்மாவுக்கு. அதற்குப் பிறகுதான் கேக். மூன்றாம் வருடம் கொழுப்பும் சர்க்கரையும் எல்லைக் கோட்டை நெருங்கி நின்றன. அக்கா திட்டிய திட்டில் கோதை அன்றிலிருந்து விடிகாலையில் நடக்க ஆரம்பித்தாள். அடுத்த வருடம் இரண்டும் பின்வாங்கிவிட்டன.

அத்தை மாதாமாதம் தானே பஸ் ஏறி வந்தார். லேபிலேயே டப்பா தருவார்கள், கொண்டுவர வேண்டாம் என்று எத்தனை தடவை சொன்னாலும் கேட்கவில்லை. வீட்டிலிருந்தே பாட்டிலில் கொண்டுவருவார். அதில் தன் கையாலேயே எழுதிய ஒரு சீட்டு ஒட்டியிருக்கும். முதல் வரியில் தன் முழுப்பெயர். இரண்டாவது வரியில், கோணல் எழுத்தில், ‘சத்தியமா’. அக்கா அந்தச் சீட்டுகளில் ஒன்றைப் பிய்த்து லேப் கண்ணாடியில் ஒட்டி வைத்திருந்தார்.

போன வருடம் அந்த லேபை ஒரு பெரிய கம்பெனிக்காரர்கள் வாங்கிவிட்டார்கள். அக்கா தூத்துக்குடியில் மகள் வீட்டோடு போய்விட முடிவு பண்ணினார். போவதற்கு முதல் நாள் கோதையின் பழைய பரிசோதனைக் காகிதம் எல்லாவற்றையும் கொண்டுவந்து என்னிடம் ஜெராக்ஸ் போடச் சொன்னார். அசலையும் நகலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு எண்ணாகச் சரிபார்த்து ஒரு உறையில் போட்டுக் கொடுத்தார்.

“நார்மல்னு பக்கத்துல அச்சடிச்சிருக்கது ஊருக்குப் பொது. அவளோட நார்மல் இதுக்குள்ளதான் இருக்கு. எந்த டாக்டருகிட்ட போனாலும் இதக் காட்டு.”

அப்போதுதான் அத்தனை வருடமும் சொல்லாததைச் சொல்லத் தொடங்கினேன். நீங்கள் அன்றைக்கு லேபைப் பூட்டாமல் இருந்திருந்தால் என்று ஆரம்பித்ததும் அவருக்கு எரிச்சல் வந்துவிட்டது.

“ஏலே, எனக்கு ரத்தம் வந்தது. பாத்தேன். அதுக்கு முந்தின நாளு பிரஷர் பாத்து, ‘கொஞ்சந்தான கூடுதல்’னு விடாம ஒரு சீட்டு எழுதிக் குடுத்தாளே, அந்த நர்சு பிள்ள, அவ எழுதலன்னா எனக்கு ஏது ரத்தம்? அவகிட்ட போயிச் சொன்னியா?”

சொல்லவில்லை. ஐந்து வருடமாக எங்கள் மூன்று பேரில் ஒருவருக்கும் அது தோன்றவில்லை.

அக்கா கிளம்பிய அடுத்த வாரம் நாங்கள் ஸ்ரீவில்லிபுத்தூர் சுகாதார நிலையத்துக்குப் போனோம். நான், கோதை, மகள், அத்தை. அதே நர்சம்மாதான் இருந்தார். நான் விஷயத்தைச் சொல்லச் சொல்ல அவர் முகத்தில் கலவரம்தான் வந்தது. ஏதோ புகார் சொல்ல வந்திருக்கிறோம் என்று நினைத்துவிட்டார். பிறகு விளங்கியதும் நாற்காலியில் உட்கார்ந்தார்.

“நல்லபடியா ஆனவுக யாரும் திரும்பி வரமாட்டாக சார். ஏதாவது ஆச்சுன்னாத்தான் கூட்டமா வருவாக” என்றார். மேசைத்துணியைச் சரிசெய்தார். அப்புறம் கோதையைப் பார்த்து, “வந்தது வந்துட்டிய, இங்கன உக்காருங்க. கைய நீட்டுங்க” என்று பிரஷர் பட்டையைச் சுற்றினார்.

காற்று இறங்குகிற சத்தம் மட்டும் கேட்டது.

“நூத்திப் பதினெட்டுக்கு எழுபத்தாறு.”

“நல்லா இருக்கா?” என்றார் அத்தை.

“நல்லா இருக்கும்மா.”

அத்தை நர்சம்மாவின் கையை எடுத்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டார். நர்சம்மா கூச்சத்தோடு கையை உருவிக்கொண்டு, வெளியே வரிசையில் நின்ற அடுத்த பிள்ளைத்தாய்ச்சியைக் கூப்பிட்டார்.